முகமறியா உறவுகள்

துணைப்பாடம் – வாழ்க்கை வரலாறு

நுழையும்முன்

வீட்டில் ஒருவர் நோயுற்றால் உற்றாரும் சுற்றத்தாரும் வந்து பார்ப்பர்; ஆறுதல் கூறுவர்; கைகொடுத்து எழுப்புவர். நேரில் ஒருமுறையேனும் கண்டிராத ஒருவர் வீழ்ந்து கிடக்கும்போது நாம் என்ன செய்ய இயலும்? தொலைவிலிருந்து எழுதும் ஒரு மடல் அவருக்குப் பயன்படுமா? குதிரையிலிருந்து வீழ்ந்து, கழுத்துக்குக் கீழ் அசைவற்றுப்போன நடிகர் ஒருவரின் வாழ்க்கை இவ்வினாக்களுக்கு விடை தருகிறது. அதனை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1952ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள் கிறிஸ்டோபர் ரீவ் பிறந்தார். தந்தையார் பிராங்க்ளின் ரீவ் கவிஞர், பேராசிரியர், ருசிய இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். தாயார் பார்பரா இதழியலாளர். ரீவ் சிறு குழந்தையாய் இருக்கும்போதே பெற்றோர் பிரிந்தனர். தாயுடனும் தம்பி பெஞ்சமினுடனும் அவர் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

பள்ளிப் பருவத்திலேயே நாடக மேடை அவரை ஈர்த்தது. ஒன்பது வயதில் மேடையேறியவர், அதன்பின் அதைவிட்டு விலகவே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே, நியூயார்க்கில் உள்ள புகழ்பெற்ற கலைக்கல்லூரியான ஜூலியார்டிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே உடன் பயின்ற ராபின் வில்லியம்ஸ் பின்னாளில் உலகறிந்த நகைச்சுவை நடிகரானார். ரீவ் நெடிய உருவமும் அமைந்த பேச்சும் உடையவர். வில்லியம்ஸோ இருந்த இடத்தில் இராமல் சுழன்றுகொண்டே பிறரைச் சிரிக்கவைப்பவர். இயல்பால் வேறுபட்ட இவ்விருவரும் உயிர் நண்பர்களாயினர். அந்நட்பு பிற்காலத்தில் எவ்வாறு பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வானில் பறந்த வீரர்

1978ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூப்பர்மேன்’ திரைப்படம் ரீவை உலகமெங்கும் கொண்டு சேர்த்தது. அதற்குமுன் அவர் மேடையில் ஓரளவு அறியப்பட்ட இளைஞரே. ஒல்லியான உடல்வாகு கொண்டிருந்த அவர், அவ்வேடத்துக்காகத் திங்கள் கணக்கில் உடற்பயிற்சி செய்து உடலை வலுப்படுத்தினார். அப்படத்தில் அவருக்கு இரு தோற்றங்கள். மூக்குக்கண்ணாடி அணிந்து, எதற்கும் தயங்கித் தடுமாறும் செய்தியாளர் ஒன்று. வானில் பறந்துவந்து மக்களைக் காக்கும் வீரர் மற்றொன்று. தோளை நிமிர்த்தும் முறையாலும் குரலின் ஏற்றத்தாழ்வாலும் ஒரே மனிதர் இருவராக மாறியதைக் கண்டோர் வியந்தனர். 1987ஆம் ஆண்டுக்குள் அவ்வரிசையில் நான்கு படங்கள் வெளிவந்தன. உலகின் பல மூலைகளிலும் சிறுவர்கள் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு பறப்பதுபோல் விளையாடினர்.

திரைக்கு வெளியிலும் அவர் துணிவும் பரிவும் மிக்கவராகவே விளங்கினார். விமானம் ஓட்டக் கற்றுத் தேர்ந்து, சிறு விமானத்தில் தனியாளாக அட்லாண்டிக் பெருங்கடலை இருமுறை கடந்தார். கொடிய நோயுற்ற சிறுவர்களை நாடிச் சென்று அவர்களுடன் பேசி மகிழ்ந்தார். 1987ஆம் ஆண்டு, தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் நாடகக் கலைஞர்கள் 77 பேருக்குக் கொலைமிரட்டல் விடுக்கப்பட்டது. அங்கே அப்போது படைத்தலைவர் பினோசேயின் கொடுங்கோல் ஆட்சி நடந்தது. வேற்று நாட்டவரான அக்கலைஞர்களுக்கு அரணாக நிற்க ரீவ் தலைநகர் சாண்டியாகோவுக்கே சென்றார். ஆயிரக்கணக்கானோர் திரண்ட கூட்டத்தில் அவர்களுடன் நின்றார். முகமறியாத மனிதருக்கும் நாம் கடன்பட்டுள்ளோம் என்னும் உணர்வு அவரிடம் முன்பே இருந்தது என்பதற்கு இது சான்று.

குதிரையின்மேல் கொண்ட காதல்

1985ஆம் ஆண்டு ‘ஆன்னா கரேனினா’ என்னும் தொலைக்காட்சிப் படத்தில் குதிரைப்படை அதிகாரியாக நடிக்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது. அதற்காகவே குதிரையேற்றம் கற்றார். குதிரையின் அருகே சென்றாலே அவருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஆயினும் மருந்து உட்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார். படம் முடிந்தபின்னும் குதிரையை விட அவருக்கு மனம் வரவில்லை. நாளடைவில் போட்டிகளிலும் கலந்துகொள்ளத் தொடங்கினார்.

அவர் விரும்பியது மூவகைத் தேர்வுகள் கொண்ட குதிரையேற்றப் போட்டி. முதல் தேர்வில் குதிரை, ஏறியிருப்பவரின் நுண்ணிய குறிப்பறிந்து ஒழுங்காக அடியெடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது தேர்வு திறந்த வெளியில் நடைபெறும்; மரவேலிகள், பள்ளங்கள், நீர்நிலைகள் முதலியவற்றைத் தாண்டி விரைந்தோட வேண்டும். மூன்றாவது தேர்வில், தொட்டால் சரிந்துவிழும் கம்பங்களை அவை விழாதவாறு தாண்ட வேண்டும். பணிவு, துணிவு, நுட்பம் ஆகிய மூன்றும் குதிரைக்கும் வேண்டும்; வீரருக்கும் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் நம்பாவிட்டால் ஒரு வேலியையும் தாண்ட இயலாது.

மூன்றாவது வேலி

1995ஆம் ஆண்டு மேத்திங்கள் 27ஆம் நாள். வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பர் என்னும் சிற்றூரில் போட்டி நடைபெற்றது. ரீவுக்கு அப்போது வயது 42. ‘பக்’ எனச் செல்லமாக அழைக்கப்பட்ட தம் குதிரையின்மீது அவர் அமர்ந்திருந்தார். தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்திருந்தார். திறந்த வெளித் தேர்வில் முதலிரு வேலிகளையும் குதிரை இனிது தாண்டியது. மூன்றாவது வேலி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உடையது. அவர்களுக்கு அது அரிதன்று. ஆனால் அதனருகே வந்ததும் குதிரை திடீரென நின்றுவிட்டது.

குதிரை நின்றது, அதன்மேல் இருந்தவர் நிற்கவில்லை. ரீவ் முன்னோக்கிச் சாய்ந்து தலைகீழாக வீழ்ந்தார். கைகள் கடிவாளத்தில் சிக்கிக்கொண்டதால் அவற்றை ஊன்றித் தம்மைக் காத்துக்கொள்ள இயலவில்லை. நெடிய உடலின் எடை முழுவதும் கழுத்தின்மீது இறங்கியது. மருத்துவ உதவியாளர்கள் சில நிமிடங்களில் விரைந்துவந்து, நின்றுபோயிருந்த மூச்சுக்கு மாற்றாகச் செயற்கை மூச்சு அளித்தனர். அவர்கள் சற்றுத் தாமதித்திருந்தாலும் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். பின்னர் அவர் ஹெலிகாப்டர் மூலம் சார்லட்ஸ்வில் நகரில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே ஓடும் தண்டுவடமே மூளையின் கட்டளைகளை உடலெங்கும் கொண்டு செல்கிறது. ரீவுக்கு மேலிருந்து முதலிரு எலும்புகளும் முறிந்து, தண்டுவடம் ஊறுபட்டிருந்தது. எனவே கைகால்கள் மட்டுமின்றி, மூச்சை இழுக்கும் தசையும் செயலிழந்தது. இயந்திரம் ஒன்றே அவருக்காக மூச்சுவிட்டது.

உயிர் ஊசலாடிய நாள்கள்

சில நாள்களுக்குப்பின் நினைவு திரும்பிய ரீவ் தம் நிலையை அறிந்தார். தம்மால் குடும்பத்தாருக்குத் தீராத சுமை நேருமே என எண்ணிக் கலங்கினார். தம்மைப் போகவிட்டுவிடுவதே நன்றோ என மனைவி டேனாவிடம் உதடசைவால் கேட்டார். டேனா அழுது அரற்றவில்லை. பொய்யான ஆறுதலும் கூறவில்லை. முடிவெடுக்கும் உரிமை கணவருடையதே என்றும், எம்முடிவாயினும் தாம் துணைநிற்பதாகவும் கூறினார். ஆனால் உடல் எந்நிலையில் இருந்தாலும் அவர் அவராகவே இருக்கிறார் என்பதையும், தம் அன்பு சிறிதும் குறையவில்லை என்பதையும் உறுதியாக உணர்த்தினார். அச்சொற்கள் ரீவின் உள்ளத்தில் வாழ வேண்டும் என்னும் எண்ணத்தை மீண்டும் ஊன்றின. அவர்களுடைய மகன் வில்லுக்கு அப்போது மூன்று வயதும் நிறையவில்லை. மூத்த பிள்ளைகளான மேத்யூவும் அலெக்சாண்ட்ராவும் கடல்கடந்து இங்கிலாந்திலிருந்து தந்தையிடம் வந்தனர்.

தலையையும் முதுகெலும்பையும் மீண்டும் இணைக்கும் அரிய அறுவை மருத்துவம் ஜூன் மாதத் தொடக்கத்தில் நடைபெற இருந்தது. உயிர் பிழைப்பது உறுதியில்லாத அந்நாள்களில், மருத்துவர் உடையில் ஒருவர் அறைக்குள் நுழைந்தார். ருசியர்போல் பேசிய அவர், உடனே உடற்சோதனை செய்யவேண்டும் என்று பரபரத்தார். அவர் வேறு யாருமல்லர், ராபின் வில்லியம்ஸ். விபத்துக்குப்பின் ரீவ் முதன்முறையாகச் சிரித்தார். தம்மால் இன்னும் சிரிக்க முடிகிறது என்பதை அறிந்தபோது, வாழவும் முடியும் என்னும் நம்பிக்கை அவருக்குப் பிறந்தது. அறுவை மருத்துவமும் வெற்றியாக முடிந்தது.

மூட்டை மூட்டையாக மடல்கள்

ரீவ் வீழ்ந்த செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த சில நாள்களிலேயே மருத்துவமனைக்கு மடல்கள் வந்து குவியத் தொடங்கின. மின்னஞ்சல் இன்றுபோல் எங்கும் பரவாத காலம் அது. நலம் விசாரிக்க விரும்பியவர் தாளெடுத்துத் தம் கையால் எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, அஞ்சற்பெட்டியில் இட வேண்டும். அத்தனையையும் ஆயிரமாயிரம் பேர் செய்தனர்.

எழுதியவர்கள் பலதிறத்தினர். தாங்கள் நேசித்த வானவீரர் விரைவில் எழவேண்டும் என்று சிறுவர்கள் எழுதினர். குதிரையேற்றத்தின் இன்பத்தையும் இடரையும் நன்கு அறிந்தவர்கள் உடன்பிறந்தார்போல் உருகி எழுதினர். வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்தோர் அவரவர் வழிபாட்டில் அவருக்காக வேண்டிக்கொள்வதாகத் தெரிவித்தனர். இவை அனைத்திலும் ரீவின் நெஞ்சைத் தொட்டவை, அவரைப்போலவே உடல் அசைவிழந்தோர் அனுப்பிய மடல்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே படித்ததையும், பணிபுரிந்ததையும், பிள்ளைகளை வளர்த்ததையும் அவர்கள் எழுதியிருந்தனர்.

கணவரின் கட்டில் அருகே அமர்ந்து டேனா அம்மடல்களைப் படித்துக் காட்டினார். மருந்து உடலைக் காத்தது. மடல்கள் உள்ளத்தைக் காத்தன. தாம் நடித்த வேடத்தைத்தான் மக்கள் விரும்பினர் என எண்ணியிருந்தவருக்கு, அசையாமல் கிடக்கும் தம்மையும் அவர்கள் விரும்புகின்றனர் என்பது புலனாயிற்று. பறக்கும் வீரரைக் கைதட்டி வரவேற்பது எளிது. படுக்கையில் கிடப்பவரை மறவாதிருப்பதே அரிது. அந்த அரிய செயலை முகமறியாத மக்கள் செய்தனர்.

அம்மடல்களில் சிலவற்றைத் தொகுத்து டேனா 1999ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அறியாதவர்களும் ஏனைய நண்பர்களும் எழுதியவை என்னும் பொருள்பட அந்நூலின் தலைப்பு அமைந்துள்ளது. அறியாதவர்களையும் நண்பர்களாகவே எண்ணிய நன்றியுணர்வு அத்தலைப்பிலேயே விளங்குகிறது.

மீண்டும் கற்ற பாடம்

1995ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ரீவ் நியூ ஜெர்சியில் உள்ள கெஸ்லர் மறுவாழ்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கு அவர் குழந்தைபோல் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இயந்திரத்தின் மூச்சுக்கு ஏற்பப் பேசக் கற்றார். குழல் ஒன்றில் காற்றை ஊதியும் உறிஞ்சியும் சக்கர நாற்காலியைச் செலுத்தக் கற்றார். உணவு உண்ணவும் உடை மாற்றவும் பிறர் உதவியை ஏற்கக் கற்றார். தனியாளாய்க் கடல் கடந்த ஒருவருக்கு இவற்றுள் கடைசிப் பாடமே மிகக் கடினமானது.

அந்நிலையத்தில் அவரைப்போன்றே ஊறுபட்ட இளைஞர் பலர் இருந்தனர். விளையாட்டில் வீழ்ந்தோரும் சாலை விபத்தில் சிக்கியோரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் புகழ்பெற்றவர்கள் அல்லர். அவர்களுக்கு மூட்டை மூட்டையாக மடல்கள் வரவில்லை. செய்தித்தாள்கள் அவர்களைப்பற்றி எழுதவில்லை. இதனை ரீவ் எண்ணிப் பார்த்தார். தமக்குக் கிடைத்த அன்பு தம்மோடு நின்றுவிடலாகாது, அது இவர்களுக்கும் சென்றுசேர வேண்டும் என்னும் உறுதி அவருள் வளர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் வீடு திரும்பினார்.

எழுந்து நின்ற அரங்கம்

1996ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆஸ்கர் விருது விழா நடைபெற்றது. ரீவ் வருவது பலருக்கும் தெரியாது. எந்த நொடியிலும் உடல் தன்போக்கில் துடிக்கக்கூடும், சுவாசக்கருவி பழுதடையக்கூடும் என்னும் அச்சங்களுக்கிடையே அவர் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம் செய்திருந்தார். திரை விலகியது. மேடை நடுவே சக்கர நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார். அரங்கில் இருந்தோர் அனைவரும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். பலர் கண்ணீர் சிந்தினர்.

ரீவ் தம் துன்பத்தைப் பேசவில்லை. சமுதாயத்தின் சிக்கல்களை எடுத்துரைத்த திரைப்படங்களை நினைவூட்டி, அத்தகைய படங்களைத் துணிந்து எடுக்குமாறு திரைத்துறையினரைக் கேட்டுக்கொண்டார். கூடியிருந்தோரின் இரக்கத்தை அவர் தமக்கெனக் கொள்ளாமல் பொதுநலத்தின் பக்கம் திருப்பினார். அவ்வாண்டிலேயே அட்லாண்டா நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் போட்டியின் தொடக்க விழாவையும் தொகுத்து வழங்கினார்.

பெற்றதைத் திருப்பித் தருதல்

ஊறுபட்ட தண்டுவடம் மீண்டும் வளராது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியிருந்தது. அக்கருத்தை ஆராய்ச்சியாளர்கள் மறுஆய்வு செய்யத் தொடங்கிய காலத்தில்தான் ரீவ் அத்துறைக்குள் வந்தார். பக்கவாத ஆராய்ச்சிக்கென இயங்கிய அமைப்பு ஒன்றுடன் இணைந்து நிதி திரட்டினார். அவ்வமைப்பு பின்னர் அவர் பெயரையும், அதன்பின் டேனாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. நலம் விசாரித்து எழுதிய அன்பர்களின் பரிவு, ஆராய்ச்சிக் கூடங்களுக்கான நிதியாகவும் மாறியது.

அமெரிக்காவில் அக்காலத்தில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவு தொகைதான் தருவோம் என வரம்பு வைத்திருந்தன. நீண்டகாலம் சிகிச்சை தேவைப்படுவோர் அவ்வரம்பைக் கடந்ததும் கைவிடப்படுவர். இம்முறையை மாற்றவேண்டும் என ரீவ் சட்டமன்றத்தினரிடம் வாதாடினார். அவர் வாழ்நாளில் அது நிறைவேறவில்லை. 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே அவ்வரம்புகளுக்கு முடிவு கட்டியது.

தம் கலையையும் அவர் விட்டுவிடவில்லை. 1997ஆம் ஆண்டு தொலைக்காட்சிப் படம் ஒன்றை இயக்கினார். 1998ஆம் ஆண்டு மீண்டும் நடித்து விருதும் பெற்றார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலுக்கு, தாம் இன்னும் தாமாகவே இருப்பதை உணர்த்தும் தலைப்பிட்டார். மருத்துவமனையில் டேனா ஊட்டிய நம்பிக்கையே அத்தலைப்பாக மலர்ந்தது. பதினொன்றாம் வயதில் விபத்துக்குள்ளாகிக் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்து, பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம்பெற்ற புரூக் எல்லிசன் என்னும் பெண்ணின் வாழ்க்கையை அவர் கடைசியாகப் படமாக்கினார்.

நம்பிக்கையும் மறுப்பும்

தம் ஐம்பதாம் வயதுக்குள் எழுந்து நிற்கவேண்டும் என்னும் விருப்பத்தை ரீவ் வெளிப்படையாகக் கூறியிருந்தார். 2000ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சி விளம்பரம், கணினி நுட்பத்தின் உதவியால் அவர் எழுந்து நடப்பதுபோல் காட்டியது. அதைக் கண்ட சிலர் அவர் உண்மையிலேயே குணமாகிவிட்டதாக நம்பினர். மாற்றுத்திறனாளர் சிலர் இதனை ஏற்கவில்லை. நடப்பது ஒன்றே வாழ்வின் வெற்றி என்பதுபோல் பேசலாமா, சாய்தளமும் வேலைவாய்ப்பும் மதிப்பும் இன்றைக்கே வேண்டுமல்லவா என அவர்கள் வினவினர்.

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாளைய மருந்தைத் தேடும்போது இன்றைய தேவையை மறத்தல் தகாது. அறக்கட்டளை இரண்டனையும் மேற்கொண்டது. மாற்றுத்திறனாளரின் அன்றாட வாழ்வை மேம்படுத்தும் சிறு அமைப்புகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தை டேனா முன்னின்று நடத்தினார்.

ரீவ் தம் உடற்பயிற்சியையும் விடவில்லை. விபத்து நிகழ்ந்து ஐந்தாண்டுகளுக்குப்பின், 2000ஆம் ஆண்டில், இடக்கையின் சுட்டுவிரல் அவர் எண்ணப்படி அசைந்தது. படிப்படியாக உடலின் பல பகுதிகளில் தொடுவுணர்ச்சியும் திரும்பியது. 2003ஆம் ஆண்டு செய்துகொண்ட அறுவை மருத்துவத்தின் பயனாக, சிறிது நேரம் சுவாசக்கருவியின்றி மூச்சுவிட அவரால் முடிந்தது. பல ஆண்டுகளுக்குப்பின் காப்பியின் மணத்தை அவர் நுகர்ந்தார். ஐம்பதாம் வயதில் அவர் எழுந்து நிற்கவில்லை; ஆனால் இனி எவ்வித முன்னேற்றமும் நேராது என்று கருதியவர்களை மீண்டும் சிந்திக்க வைத்தார்.

நிறைவு

2004ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் ரீவ் தம் 52ஆம் வயதில் மறைந்தார். அறக்கட்டளையின் பொறுப்பை ஏற்ற டேனாவும் நுரையீரல் புற்றுநோயால் 2006ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் காலமானார். அவர்தம் பிள்ளைகள் அப்பணியைத் தொடர்ந்தனர். பக்கவாத ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்கும் உதவும் சட்டம் ஒன்று 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிறைவேறியது. அதற்கு இவ்விருவரின் பெயரே சூட்டப்பட்டது.

மாணவர்களே! ரீவுக்கு மடல் எழுதியவர்களால் முறிந்த எலும்பை ஒட்டவைக்க இயலவில்லை. அது மருத்துவர்களின் பணி. வாழ்வதா வேண்டாவா என்னும் ஐயம் வருத்திய நாள்களில் அவர் தனித்தவர் அல்லர் என்பதை உணர்த்த அவர்களால் இயன்றது. அந்த அன்பைப் பெற்றவர், மடல் எழுத ஒருவரும் இல்லாதவர்களின் பக்கம் அதனைத் திருப்பிவிட்டார். நம் வகுப்பில் நெடுநாள் வாராதிருக்கும் தோழர், பக்கத்து வீட்டில் படுக்கையில் இருக்கும் முதியவர், ஊரில் நம் வரவை எதிர்நோக்கியிருக்கும் பாட்டி ஆகியோருக்கு நாம் எழுதும் நான்கு வரிகளும் அத்தகையனவே.

சொல்லும் பொருளும்

அரண் – பாதுகாப்பு
இடர் – துன்பம், ஆபத்து
ஊறு – காயம், சேதம்
ஒவ்வாமை – உடல் ஏற்றுக்கொள்ளாத தன்மை
கடிவாளம் – குதிரையை அடக்கிச் செலுத்த அதன் வாயில் பூட்டும் கருவி
தண்டுவடம் – முதுகெலும்பினுள் செல்லும் நரம்புத் தொகுதி
பரிவு – இரக்கம், அன்பு
மடல் – கடிதம்

தெரிந்துகொள்வோம்

குதிரையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல. பரி, புரவி, இவுளி, மா என்பன அவற்றுட் சில. குதிரை கட்டும் இடம் இலாயம் எனப்படும். குதிரையின்மேல் அமர்வதற்கு இடும் இருக்கை சேணம் எனப்படும்.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ரீவ் பிறந்த நகரம் ____________.
2. ரீவுடன் ஜூலியார்டில் பயின்ற நண்பர் ____________.
3. ரீவின் குதிரை ____________ வேலியருகே திடீரென நின்றது.
4. கழுத்தில் உள்ள முள்ளெலும்புகளின் எண்ணிக்கை ____________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ரீவ் வீழ்ந்தபோது கைகளை ஊன்ற இயலாமற்போனது ஏன்?
2. ராபின் வில்லியம்ஸின் வருகை ரீவுக்கு எவ்வாறு உதவியது?
3. டேனா தொகுத்த நூலின் தலைப்பு எதனை உணர்த்துகிறது?

இ. விரிவாக விடை தருக.
1. ரீவுக்கு வந்த மடல்கள் அவர் உள்ளத்தில் ஏற்படுத்திய மாற்றத்தை எழுதுக.
2. மாற்றுத்திறனாளர் சிலர் ரீவின் கருத்தை ஏற்காமைக்குக் காரணம் என்ன? அதுபற்றி உம் கருத்து யாது?

ஈ. சேர்த்து எழுதுக.
1. முகம் + அறியா
2. தலை + கவசம்
3. அஞ்சல் + பெட்டி

உ. மொழியோடு உறவாடுவோம்.
தொலைவில் நோயுற்றிருக்கும் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கு நலம் விசாரித்துத் தமிழில் மடல் எழுதுக. கைப்பட எழுதி, முகவரியிட்டு, உண்மையாகவே அனுப்புக. விடைமடல் வந்தால் வகுப்பில் படித்துக் காட்டுக.